வீட்டை இழுத்துக்கொண்டு ஒரு விடுமுறை

வடக்கு யார்க்‌ஷயரில் தெர்ஸ்க் ஊரிலிருந்து கடற்கரை நகரமான ஸ்கார்பரோவுக்குப் போகும் ஏ170 சாலையில் சட்டன் பேங்க் என்றொரு மேடு இருக்கிறது. நான்கு மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் செங்குத்து. நடுவில் கொண்டை ஊசி வளைவு. மேட்டை நெருங்குவதற்கு வெகு முன்னாலேயே பலகை வைத்துவிடுகிறார்கள்: கேரவன்களுக்கு அனுமதி இல்லை, மாற்று வழியில் போகவும். கார்கள் ஏறுகின்றன. லாரிகளும் முக்கி முனகி ஏறிவிடுகின்றன. கேரவன் கட்டிய கார் மட்டும் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

பிரிட்டனின் கேரவன் விடுமுறையைப் பற்றிப் பேச இந்தப் பலகைதான் சரியான இடம். விளம்பரப் படங்களில் ஆளரவமற்ற மலைச்சாலை, ஒரு கார், பின்னால் வெள்ளை வெளேரென்று ஒரு கேரவன். நினைத்த திசையில் திரியலாம், விரும்பிய இடத்தில் நிறுத்தலாம் என்ற ஆசையை அந்தப் படம் கிளப்பிவிடுகிறது. அந்த ஆசையை நம்பி வாங்குகிறவர்கள்தான் மூன்றாவது கோடையில் விற்றுவிடுகிறார்கள். கேரவன் திரிவதற்கான வண்டி அல்ல. ஓரிடத்தில் போய்த் தங்குவதற்கான வண்டி. இதைப் புரிந்துகொண்ட குடும்பத்துக்கு அதைவிட நல்ல விடுமுறை வேறில்லை என்பது என் கட்சி.

நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. இங்கே பேசப்படுவது வேறு. இன்ஜின் இல்லாத, சக்கரம் வைத்த ஓர் அறை. காரின் பின்கொக்கியில் மாட்டி இழுத்துப் போவது. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். எடை ஏறக்குறைய ஒன்றரை டன். அதை மாட்டிய நிமிடமே சாலையில் உங்களுக்கான விதிகள் மாறிவிடும். மோட்டார்வேயில் மற்ற கார்களுக்கு மணிக்கு 70 மைல் என்றால் உங்களுக்கு 60. சாதாரண இருவழிச் சாலையில் 50. மூன்று தட மோட்டார்வேயில் வலதுகோடித் தடம் உங்களுக்குக் கிடையாது. பெட்ரோல் மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாகச் செலவாகும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் சிரமம். ஒருமுறை சார்ஜ் செய்தால் ஓடும் தூரம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. சார்ஜ் நிலையங்களிலும் பெரும்பாலும் கார் நிற்கத்தான் இடம் இருக்கும். கேரவனைக் கழற்றி ஓர் ஓரமாக விட்டு, காரை மட்டும் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி, திரும்ப வந்து மாட்ட வேண்டும்.

சாமான் ஏற்றுவதிலும் கவனம் வேண்டும். கனமானவை எல்லாம் தரையோடு, அச்சுக்கு மேலேயே இருக்க வேண்டும். அரிசி மூட்டையையும் தண்ணீர்க் கேனையும் பின்பக்க அலமாரியில் அடைத்தால் முன்பக்கம் எழும்பிக் கொக்கி மீது பாரம் குறையும். அப்போது ஒரு பெரிய லாரி வேகமாகக் கடந்துபோகும் காற்றே போதும், கேரவன் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கிவிடும். அந்த ஆட்டம் காரையும் சேர்த்து இழுக்கும். அனுபவப்பட்டவர்கள் அதற்குச் சொல்லும் வழி ஒன்றுதான்: பிரேக்கை மிதிக்காதே, ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சண்டை போடாதே, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தைத் தானாக இறங்க விடு. கொக்கியில் தங்கும் பாரம் கேரவன் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதை அளக்கவே சிறு தராசு விற்கிறது. புறப்படும் முன் அளந்து பார்க்காத குடும்பத்தோடு நான் பயணம் போக மாட்டேன்.

இவ்வளவு தொல்லைப்பட்டு எதற்காக இழுத்துப் போக வேண்டும்?

விடை சாலையில் இல்லை, போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கிறது. ஷ்ராப்‌ஷயர் மலைப்பக்கம் ஒரு பண்ணை. செம்மறி ஆடுகள் மேயும் வயலின் ஓரத்தில் ஐந்து கேரவன்களுக்கு மட்டும் இடம். யாழ்ப்பாணத்து நண்பர் குடும்பத்தோடு அங்கே போயிருந்தோம். உள்ளே நுழைந்ததும் யாரும் ‘அப்பாடா’ என்று உட்கார முடியாது. கேரவனைக் காரிலிருந்து கழற்றி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழ் பலகை செருகி மட்டம் பிடிக்க வேண்டும். மட்டம் தப்பினால் இரவு தலைப்பக்கம் சரிந்து படுக்க நேரிடும், குளியல் தண்ணீரும் ஒழுங்காக வடியாது. பிறகு நான்கு மூலையிலும் முட்டுக்கால்களை இறக்குவது. அவை கேரவன் ஆடாமல் பிடித்துக்கொள்ளத்தான், பாரம் தாங்க அல்ல. அடுத்து நீல நிற மின்செருகி, காஸ் சிலிண்டர் திறப்பு. நாற்பது லிட்டர் பிடிக்கும் தண்ணீர் உருளையைக் குழாயடியில் நிரப்பித் தரையிலேயே உருட்டிக்கொண்டு வருவது பிள்ளைகள் வேலை. கழிப்பறையின் அடியில் இருக்கும் பெட்டியை எடுத்துப்போய்க் கொட்டிக் கழுவி வருவது பெரியவர் ஒருவரின் வேலை. அதை எந்த விளம்பரத்திலும் காட்டுவதில்லை.

ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அதன்பின் ஒரு வாரத்துக்கு அந்தப் பண்ணை வயல்தான் எங்கள் விலாசம். சுமையை இறக்கிவிட்ட கார் மறுபடி சாதாரணக் கார். மறுநாள் காலை லட்லோ சந்தைக்கும், அடுத்த நாள் ஸ்டோக்ஸே கோட்டைக்கும் அதில்தான் போனோம். மழை வந்தால் எங்கும் போகவில்லை. நண்பரின் அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஓட்டலில் தங்கினால் விடிந்ததும் தவிக்கிறவர். காலை ஆறு மணிக்குக் கேரவன் வாசலில் கையில் கோப்பையோடு நின்றிருந்தார். “இஞ்ச எண்டா எழும்பின உடன தேத்தண்ணி வைக்கலாம் தம்பி, ஒருத்தரையும் கேக்கத் தேவையில்ல” என்றார். கேரவனுக்கு ஆதரவாக நான் கேட்ட வாதங்களில் இதுவே வலுவானது.

ஓட்டல் விடுமுறையில் பகல் முழுக்க வெளியில்தான். காலைச் சாப்பாட்டுக்கு நேரம், அறையைக் காலி செய்ய நேரம், இரண்டு குழந்தைகள் தூங்கிய பிறகு இருட்டில் கிசுகிசுக்கும் பெற்றோர். நம்மவர்களுக்கு மூன்றாம் நாளே ரசத்துக்கு நாக்கு ஏங்கும். விமானத்தில் ஸ்பெயினுக்கோ துருக்கிக்கோ போகும் மொத்த ஏற்பாட்டுப் பயணங்களில் வெயில் நிச்சயம், உழைப்பு இல்லை, உண்மைதான். ஆனால் பள்ளி விடுமுறை நாட்களில் அதன் விலை எங்கேயோ போய்விடும். விலை குறைந்த வாரத்தில் போகலாம் என்று பிள்ளையை ஐந்து நாள் பள்ளியிலிருந்து எடுத்தால், இங்கிலாந்தில் 2024 ஆகஸ்ட் முதல் ஒரு பிள்ளைக்குத் தாய்க்கு 80 பவுண்ட், தந்தைக்கு 80 பவுண்ட் என்று அபராதம் வரும். கோடையில் கேரவன் இடங்களுக்கும் விலை ஏறுகிறதுதான். ஆனாலும் அது தாங்கக்கூடிய ஏற்றம்.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. லண்டன் யூஸ்டனில் இரவு ஏறிக் காலையில் இன்வர்னஸில் இறங்கும் தூங்கு வண்டியை மிஞ்சிய பயண இன்பம் இந்நாட்டில் இல்லை. தனி ஆளாகவோ இருவராகவோ போகிறவர்கள் கேரவன் பக்கமே திரும்ப வேண்டாம். நான்கு பேர் குடும்பமாகப் போய், இறங்கிய ஊரில் வாடகைக் காரும் எடுத்தால் கணக்குத் தாங்காது.

திரிய வேண்டும் என்ற ஆசை உண்மையிலேயே இருப்பவர்களுக்கு மோட்டார்ஹோம் இருக்கிறது. இன்ஜினும் வீடும் ஒன்றாகச் சேர்ந்த வண்டி. ஓர் இரவு இங்கே, ஓர் இரவு அங்கே என்று போகலாம். இதில் சிக்கல் வேறு மாதிரி. பால் வாங்கப் போனாலும் முழு வீட்டையும் ஓட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஸ்காட்லாந்தின் வடகோடியைச் சுற்றிவரும் 516 மைல் பாதைக்கு ‘நார்த் கோஸ்ட் 500’ என்று பெயர் சூட்டி 2015இல் விளம்பரப்படுத்தினார்கள். அதில் பல பகுதிகள் ஒரே வண்டி போகும் அகலம்தான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க அங்கங்கே சிறு இடங்கள். அந்த ஒதுங்குமிடங்களிலேயே இரவு தூங்கிவிடுகிறார்கள், கழிவைக் கண்ட இடத்தில் கொட்டுகிறார்கள் என்று அங்குள்ள ஊர்க்காரர்கள் குமுறுகிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஓரிடத்தில் பணம் கட்டித் தங்கி, அந்த ஊர்க் கடையில் ரொட்டி வாங்குகிற கேரவன் குடும்பம் ஊருக்கு ஏதாவது கொடுத்துவிட்டுப் போகிறது. அப்பிள்கிராஸுக்குப் போகும் பேலக் நா பா கணவாயில் கேரவன் வேண்டாம் என்று எச்சரிக்கும் பலகையும் ஒருவகையில் நல்லதற்கே.

கூடாரம் மட்டும் எனக்குத் தலைவணங்கத் தோன்றும் எதிரி. செலவு மிகக் குறைவு, சின்னக் கார் போதும், சட்டன் பேங்கில் ஏறலாம். தரையில் முதுகு பட்டுத் தூங்கிய குழந்தை அந்த இரவை மறப்பதில்லை. இடுப்பு வலி இல்லாதவர்கள், இரண்டு நாள் அடைமழையைப் பொறுக்கிறவர்கள் கூடாரத்தோடு நின்றுகொள்ளட்டும். என் சிபாரிசும் அதுவே.

இப்போது காசுக் கணக்கு. கேரவன் மலிவான விடுமுறை என்று ஒரு நம்பிக்கை இங்கே பரவலாக இருக்கிறது. நான்கு பேர் படுக்கும் புதிய வண்டிக்கு 25,000 பவுண்ட் சாதாரண விலை. பத்து ஆண்டு கழித்து 10,000க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,500 தேய்மானம். வீட்டு வாசலில் நிறுத்த இடம் இல்லாதவர்கள் காவல் உள்ள கிடங்கில் விடுவதற்கு 500. காப்பீடும் ஆண்டுப் பராமரிப்பும் சேர்த்து இன்னொரு 500. ஆக, வண்டி நகராமல் நின்றாலே ஆண்டுக்கு 2,500 பவுண்ட். கோடையில் பதினைந்து இரவு மட்டும் பயன்படுத்தினால் இரவுக்கு 167 பவுண்ட் ஆகிறது. இட வாடகை தனி. அந்தப் பணத்துக்கு நல்ல ஓட்டலே கிடைக்கும். ஐம்பது இரவு பயன்படுத்தினால் இரவுக்கு 50. அதன்மேல் பண்ணை இடத்துக்கு 15, 20 பவுண்ட் கொடுத்தாலும் ஒரு குடும்பத்துக்கு அது லாபம்தான். ஆண்டுக்கு ஐம்பது இரவு என்றால், கோடையின் பதினைந்து இரவு போக, மார்ச் முதல் அக்டோபர் வரை மாதம் இரண்டு வார இறுதியாவது ஒன்றரை மணி நேரத் தூரத்துக்குள் ஓரிடத்துக்குப் போய் வருவது. அப்படிப் போகும் சுபாவம் உள்ள குடும்பம்தானா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டியின் மாடல் பற்றிய பேச்சு அப்புறம்.

பழைய வண்டி வாங்கினால் முதலீடு பாதிக்கும் கீழே குறையும். அங்கே எதிரி ஓதம். சுவரின் உட்சட்டம் பல வண்டிகளில் மரம். மூலைகளிலும் ஜன்னல் விளிம்பிலும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால், மெத்தென்று உள்ளே போகும் இடத்தில் மரம் மக்கியிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே ஏறியதும் ஈரத்துணி வாடை அடித்தால் விலை பேசாமல் இறங்கிவிடுவது உத்தமம். எதையும் வாங்குவதற்கு முன், மே அல்லது செப்டம்பரில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம்.

லண்டனிலும் அதைச் சுற்றியும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இழுவைக் கேரவன் பக்கம் அதிகம் வருவதில்லை. கடற்கரை முகாம்களில் நிரந்தரமாக நிறுத்தியிருக்கும் பெரிய கேரவன்களை வாரக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். கிரேட் யார்மத், கிளாக்டன், ஸ்கெக்னஸ் பக்கங்களில் அடுத்தடுத்த கேரவன்களைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் தம்பி குடும்பங்கள் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. 1997 முதல் லைசென்ஸ் எடுத்தவர்கள் கனமான கேரவனை இழுக்கத் தனி ஓட்டுநர் தேர்வில் தேற வேண்டியிருந்ததும் ஒரு தடையாக இருந்தது. 2021 டிசம்பரில் அந்தத் தேர்வை நீக்கிவிட்டார்கள். ஆனாலும் ஒரு பயிற்சி நாள் எடுத்துக்கொள்வது அவசியம் என்பேன். பின்னால் நகர்த்தும்போது கேரவன் இடப்பக்கம் திரும்ப ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். கைக்குப் பழகும்வரை மூளை அதை ஒப்புக்கொள்ளாது.

இந்தப் பொழுதுபோக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஒரு கடற்படை மருத்துவரிடம் போய் நிற்கிறோம். வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ், ஸ்காட்லாந்துக்காரர், சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் எழுதியவர். 1885இல் பிரிஸ்டலில் ஒரு வண்டிப் பட்டறையில் சொல்லி ‘வாண்டரர்’ என்ற இரண்டு டன் வண்டியைச் செய்வித்தார். மஹோகனி மரம், புத்தக அலமாரி, இழுக்க இரண்டு குதிரைகள், கூடவே வண்டிக்காரர், ஒரு வேலையாள், ஒரு பெரிய நாய், ஒரு கிளி. வேலையாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய், குறுகிய சாலைகளில் எதிர்வரும் வண்டிகளை ஒதுங்கச் சொல்வார். பெர்க்‌ஷயரின் ட்வைஃபோர்டிலிருந்து இன்வர்னஸ் வரை அப்படியே போனார். அந்த வண்டி இன்றும் பத்திரமாக இருக்கிறது. 1907இல் கேரவன் சங்கம் தொடங்கியது. 1919இல் பர்மிங்ஹாமின் எக்கிள்ஸ் நிறுவனம் கார் இழுக்கும் கேரவனைச் செய்து விற்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் சாம் ஆல்பர் ‘ஸ்ப்ரைட்’ என்ற எளிய, மலிவான கேரவனைக் கொண்டுவந்து அதைத் தொழிலாளர் வீட்டு வாசலுக்கும் எட்டவைத்தார். அதே மனிதர்தான் 1958இல் லிட்டில் ஷெஃப் என்ற சாலையோர உணவகத்தையும் தொடங்கினார்.

ஸ்டேபிள்ஸ் தன்னைக் ‘கனவான் ஜிப்ஸி’ என்று அழைத்துக்கொண்டார். கனவான் என்ற அடைமொழி இல்லாத ஜிப்ஸிகள் அவருக்கு முன்பே அதே சாலைகளில் தங்கள் மர வண்டிகளில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். கேரவனில் தங்கும் இன்பத்தைப் பாராட்டி எழுதுகிற எவரும் அவர்கள் கதையை விட்டுவிடக் கூடாது.

அவர்கள் வழக்கமாகத் தங்கிய சாலை ஓரங்களும் ஊர்ப் பொதுநிலங்களும் சட்டத்தால் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1959ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம், ஜிப்ஸி ஒருவர் சாலையோரம் தங்குவதையே குற்றமாக்கியது. 1960ஆம் ஆண்டு கேரவன் இடங்கள் சட்டம், உரிமம் இல்லாமல் யாரும் தங்கள் நிலத்தில் கேரவன்களை நிறுத்தவிடக் கூடாது என்றது. பொதுநிலங்களில் கேரவன்களைத் தடுக்கும் அதிகாரத்தையும் உள்ளூராட்சிகளுக்குத் தந்தது. அறுவடைக்கு உதவும் குடும்பங்களைத் தலைமுறைகளாகத் தங்கவிட்ட விவசாயிகள் பலர் அதன்பின் கையை விரித்தார்கள். அதே சட்டத்தின் முதல் அட்டவணையில் ஒரு விலக்கு இருக்கிறது: அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் சான்று வழங்கினால், ஐந்து கேரவன்கள் வரை உரிமம் இல்லாமலே நிறுத்தலாம். நாங்கள் தங்கிய ஷ்ராப்‌ஷயர் வயல் அந்த விலக்கில் வந்ததுதான். ஆயிரக்கணக்கான பண்ணைகளில் விடுமுறைக் குடும்பங்களுக்குக் கதவைத் திறந்த சட்டம், வீடே கேரவனாக இருந்தவர்களுக்கு அதைச் சாத்தியது.

1968இல் லிபரல் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் எரிக் லபக் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகி, ஜிப்ஸிகளுக்கு இடம் ஒதுக்குவதை உள்ளூராட்சிகளின் கடமையாக்கியது. பல ஊர்களில் அரைமனதோடுதான் செய்தார்கள். ஆனாலும் இடங்கள் உருவாயின. 1994இல் அந்தக் கடமையையே நீக்கிவிட்டார்கள். சொந்தமாக நிலம் வாங்கிக் குடியேறியவர்களுக்கும் கட்டட அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. 2011 அக்டோபரில் எசெக்ஸின் டேல் ஃபார்மிலிருந்து அப்படி நிலம் வாங்கியிருந்த ஐரிஷ் நாடோடிக் குடும்பங்களைப் போலீஸ் பாதுகாப்போடு வெளியேற்றியதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. 2022ஆம் ஆண்டு காவல்துறைச் சட்டத்தின்படி, உரிமையாளர் போகச் சொன்னபிறகும் அனுமதியின்றி வண்டியோடு தங்குகிறவரால் பெரிய சேதமோ இடையூறோ நேர்ந்தால், அல்லது நேரக்கூடும் என்றாலே, அவருக்கு மூன்று மாதம்வரை சிறை விதிக்கலாம், வண்டியைப் பறிமுதலும் செய்யலாம். வண்டிதான் அவர்கள் வீடு என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல.

இன்று இந்த நாட்டுக் கேரவன் சங்கங்களுக்கு உறுப்பினர் பலம் இருக்கிறது, நாடாளுமன்றத்தில் குரல் இருக்கிறது. வேக வரம்புக்கும் லைசென்ஸ் விதிக்கும் வாதாடுகிறார்கள், பலனும் கிடைக்கிறது. 1994இல் நீக்கிய கடமையைத் திரும்பச் சட்டத்தில் வைக்கச் சொல்லியும் அவர்கள் பேச வேண்டும். ஐந்து கேரவன் நிற்கும் வயல் ஒரு ஊரை எவ்வளவு குறைவாகத் தொந்தரவு செய்கிறது என்பதற்கு அவர்களைவிடத் தகுதியான சாட்சிகள் வேறு யார் இருக்கிறார்கள்?